ஒரு பார்சலுக்கு இரண்டு கிளைகள்: எஸ்க்யூஎல்அல்கெமியில் ஃபாரின் கீ உறவுகளை எழுதுவது எப்படி

கேள்வி சுருக்கமாக இது. வேலூரில் இயங்கும் ஒரு பார்சல் சர்வீஸுக்கு பைத்தானில், எஸ்க்யூஎல்அல்கெமி 2.0 (டேட்டாபேஸோடு பேச உதவும் நூலகம்) கொண்டு புக்கிங் மென்பொருள் எழுதுகிறீர்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, ஆரணி என்று கிளைகள். பார்சல் டேபிளில் ஃபாரின் கீ போட்டும் 'பார்சலின் கிளை எது' என்று பைத்தானில் கேட்டால் எதுவும் வரவில்லை. ரிலேஷன்ஷிப் சேர்த்ததும் 'ஆம்பிகுவஸ்' என்று பிழை. அதைத் தாண்டி எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் எல்லாம் ஓடியது; போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு மாற்றியதும் அழிக்கிற இடங்களில் பிழை கொட்டுகிறது. போதாததற்கு 2017 முதல் எக்செல்லில் இருக்கும் பழைய பதிவுகளையும் உள்ளே ஏற்ற வேண்டும்.

இந்த நான்கு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். உறவு எழுதுவது என்பது இரண்டு தனித்தனி வேலை. ஃபாரின் கீ டேட்டாபேஸுக்குச் சொல்லும் கட்டுப்பாடு: 'இந்த நெடுவரிசையில் வரும் எண், கிளைகள் டேபிளில் இருந்தே ஆக வேண்டும்.' ரிலேஷன்ஷிப் பைத்தானுக்குச் சொல்லும் வழி: 'இந்தப் பார்சல் பொருளிலிருந்து அந்தக் கிளைப் பொருளுக்கு இப்படிப் போ.' முதலாவது இல்லாமல் தப்பான எண்ணைத் தடுக்க ஆள் இல்லை. இரண்டாவது இல்லாமல் கையில் இருப்பது வெறும் எண் மட்டுமே. ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் ஒரே வரியில் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். அங்கிருந்து வருபவர்கள் எஸ்க்யூஎல்அல்கெமியில் தடுமாறுவது இதனால்தான். இங்கே ஒவ்வொன்றையும் நீங்களே எழுத வேண்டும்.

கீழே கிளாஸ், டேபிள் பெயர்களைத் தமிழிலேயே காட்டுகிறேன். நூலகத்தின் சொற்கள் அவற்றின் ஆங்கில ஒலியிலேயே தமிழ் எழுத்தில் வரும்; ஓட்டும்போது அவற்றை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும். எது நூலகத்தின் சொல், எது நம் சொல் என்று பிரித்துப் பார்க்க வசதி. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும், போஸ்ட்கிரஸும் ஏற்கும். ஆனாலும் உண்மையான டேபிளில் அப்படி வைக்காதீர்கள். போஸ்ட்கிரஸில் ஒரு பெயருக்கு 63 பைட்தான் வரம்பு. யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'அனுப்பும்_கிளை_ஐடி' மட்டுமே 50 பைட் பிடிக்கிறது. அதன் முன்னால் டேபிள் பெயரையும் சேர்த்துக் கட்டுப்பாட்டுக்குப் பெயர் வைத்தால் வரம்பு தாண்டிவிடும்.

முதல் பிழை. பார்சல் கிளாஸ் இப்படி இருக்க வேண்டும்:

கிளாஸ் பார்சல்(பேஸ்):
    __டேபிள்நேம்__ = "பார்சல்கள்"
    ஐடி: மேப்டு[இன்ட்] = மேப்டு_காலம்(ப்ரைமரி_கீ=ட்ரூ)
    அனுப்பும்_கிளை_ஐடி: மேப்டு[இன்ட்] = மேப்டு_காலம்(ஃபாரின்கீ("கிளைகள்.ஐடி"), இண்டெக்ஸ்=ட்ரூ)
    பெறும்_கிளை_ஐடி: மேப்டு[இன்ட்] = மேப்டு_காலம்(ஃபாரின்கீ("கிளைகள்.ஐடி"), இண்டெக்ஸ்=ட்ரூ)
    அனுப்பும்_கிளை: மேப்டு["கிளை"] = ரிலேஷன்ஷிப்(ஃபாரின்_கீஸ்=[அனுப்பும்_கிளை_ஐடி], பேக்_பாப்புலேட்ஸ்="அனுப்பியவை")
    பெறும்_கிளை: மேப்டு["கிளை"] = ரிலேஷன்ஷிப்(ஃபாரின்_கீஸ்=[பெறும்_கிளை_ஐடி], பேக்_பாப்புலேட்ஸ்="பெற்றவை")

எதிர்ப்புறம் கிளை கிளாஸில்:

    அனுப்பியவை: மேப்டு[லிஸ்ட்["பார்சல்"]] = ரிலேஷன்ஷிப்(ஃபாரின்_கீஸ்="பார்சல்.அனுப்பும்_கிளை_ஐடி", பேக்_பாப்புலேட்ஸ்="அனுப்பும்_கிளை")
    பெற்றவை: மேப்டு[லிஸ்ட்["பார்சல்"]] = ரிலேஷன்ஷிப்(ஃபாரின்_கீஸ்="பார்சல்.பெறும்_கிளை_ஐடி", பேக்_பாப்புலேட்ஸ்="பெறும்_கிளை")

மேற்கோள் குறிக்குள் இருப்பவற்றைக் கவனியுங்கள். ஃபாரின்கீக்குள் எழுதுவது டேபிளின் பெயர்: 'கிளைகள்.ஐடி'. ரிலேஷன்ஷிப் பக்கம் எழுதுவது கிளாஸின் பெயர்: 'கிளை'. இரண்டையும் மாற்றி எழுதுவதே மிக அதிகமாக நடக்கும் தவறு. ஃபாரின்கீக்குள் கிளாஸ் பெயரைப் போட்டால் 'அப்படி ஒரு டேபிளே கிடைக்கவில்லை' என்று நோரெஃபரன்ஸ்டுடேபிள்எரர் வரும். அதே பிழை வேறு இரண்டு காரணத்தாலும் வரும். கிளை கிளாஸ் இருக்கும் ஃபைலை எங்குமே இம்போர்ட் செய்யாமல் இருக்கலாம். அல்லது இரண்டு ஃபைலில் தனித்தனியாக பேஸ் உருவாக்கியிருக்கலாம். பேஸ் ஒவ்வொன்றுக்கும் தனி மெட்டாடேட்டா, அதாவது டேபிள்களின் பதிவேடு. ஒன்றில் பதிந்த டேபிள் இன்னொன்றின் கண்ணுக்குத் தெரியாது. பேஸ் ஒரே ஃபைலில் ஒரே முறைதான் இருக்க வேண்டும், எல்லாரும் அதையே இம்போர்ட் செய்ய வேண்டும்.

ஆம்பிகுவஸ்ஃபாரின்கீஸ்எரர் ஏன் வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். பார்சலிலிருந்து கிளைக்கு இரண்டு பாதை இருக்கின்றன. ஆம்பூரில் புக் செய்து ஆரணியில் இறங்கும் ஷூ அப்பர் பண்டலுக்கு 'கிளை எது' என்றால் எந்தக் கிளையைச் சொல்வது? நூலகம் ஊகம் செய்ய மறுக்கிறது. அது நல்லதே. ஃபாரின்_கீஸ் கொடுப்பது அந்தக் கேள்விக்கான விடை. பார்சல் பக்கம் மட்டும் கொடுத்துவிட்டுக் கிளை பக்கம் விட்டுவிட்டால் அதே பிழை மறுபடியும் வரும். இரண்டு பக்கமும் வேண்டும். பாதை ஒன்றே ஒன்று இருக்கும் இடங்களில், உதாரணமாகக் கிளையிலிருந்து அது இருக்கும் வட்டத்துக்கு (தாலுகா), ஃபாரின்_கீஸ் தேவையே இல்லை.

பேக்_பாப்புலேட்ஸ் இரண்டு பக்கத்தையும் முடிச்சுப் போடுகிறது. ஒரு பார்சலின் அனுப்பும்_கிளைக்குக் குடியாத்தத்தைக் கொடுத்த அந்த நொடியே, குடியாத்தத்தின் 'அனுப்பியவை' பட்டியலிலும் பார்சல் சேர்ந்துவிடும். டேட்டாபேஸுக்குப் போய்வரத் தேவையில்லை. இதை எழுதாமல் இரண்டு ரிலேஷன்ஷிப்பையும் தனித்தனியாக விட்டால், ஒரே நெடுவரிசையில் இரண்டு பேர் எழுதப் போகிறார்கள் என்று எச்சரிக்கை வரும். அதைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. ஒரு பக்கம் மாற்றியது மறுபக்கம் தெரியாமல் போகும். பழைய உதாரணங்களில் பேக்ரெஃப் என்று பார்ப்பீர்கள். இன்றும் அது ஓடும், ஆனால் ஒரு கிளாஸைத் திறந்தால் அதன் உறவுகள் எல்லாம் அங்கேயே கண்ணில் படாது. புதிதாக எழுதும்போது பேக்_பாப்புலேட்ஸையே வையுங்கள்.

இன்னொரு இடறல். அனுப்பும்_கிளை_ஐடிக்கு 5 என்று எண்ணைக் கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் அனுப்பும்_கிளையைப் படித்தால் பழைய கிளையே நிற்கலாம். எண்ணை மாற்றியது பொருளுக்குத் தெரியாது. கமிட் ஆகி, அந்தப் பொருள் காலாவதியாகி, மறுபடி படிக்கும்போதுதான் சரியாகும். எண்ணையும் பொருளையும் முரணாகக் கொடுத்தால், மாற்றங்களை டேட்டாபேஸுக்கு அனுப்பும் ஃப்ளஷ் நேரத்தில் பொருளே ஜெயிக்கும். ஒரு ஃபங்ஷனுக்குள் ஏதாவது ஒரு முறையில் மட்டும் எழுதுங்கள். பொருளைக் கொடுப்பதே மேல்: புதிய வாடிக்கையாளரையும் அவருடைய பார்சலையும் ஒன்றாகச் சேர்த்தால், முதலில் வாடிக்கையாளரைப் பதிந்து, கிடைத்த ஐடியைப் பார்சலில் நிரப்பி, பிறகு பார்சலைப் பதியும் வரிசையை நூலகமே பார்த்துக்கொள்ளும். ஐடிக்காக நடுவில் கமிட் செய்ய வேண்டாம்.

'நல்' (காலி மதிப்பு) அனுமதி பற்றி ஒன்று. 2.0இல் மேப்டு[இன்ட்] என்றால் நெடுவரிசை காலியாக இருக்க முடியாது. மேப்டு[ஆப்ஷனல்[இன்ட்]] என்றால் இருக்கலாம். இது ஐடி நெடுவரிசையின் குறிப்பிலிருந்து மட்டுமே எடுக்கப்படுகிறது. ரிலேஷன்ஷிப் வரியில் ஆப்ஷனல் என்று எழுதியும் எழுதாமலும் டேட்டாபேஸில் ஒரு மாற்றமும் வராது. டிரைவர் இன்னும் ஒதுக்கப்படாத பார்சல் உண்டு என்றால், டிரைவர்_ஐடிக்கே ஆப்ஷனல் போட வேண்டும்.

எந்த நெடுவரிசையைக் கீயாக எடுப்பது? ஊர்ப் பெயரையோ பின்கோடையோ எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரே பின்கோடில் பல ஊர்கள் வரும். பெயர்களோ எழுத்துக்கூட்டலில் ஆடும்: வாலாஜா, வாலாஜாபேட்டை, குடியாத்தத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதம். 2020 ஜூனில் தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்தது, சில நாட்களிலேயே திரும்பவும் பெறப்பட்டது. பெயரையே கீயாக வைத்திருந்தால் ஒவ்வொரு டேபிளிலும் இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்திருக்கும். அர்த்தமில்லாத ஒரு எண்ணை ஐடியாக வையுங்கள். பெயர் ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும்.

ஃபாரின் கீ நெடுவரிசைக்கு வகையைத் தனியாக எழுதாமல் விட்டால், தாய் டேபிளின் (சுட்டப்படும் டேபிள்; சுட்டுவது பிள்ளை) ஐடி என்ன வகையோ அதையே எஸ்க்யூஎல்அல்கெமி எடுத்துக்கொள்ளும். அப்படியே விடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் இந்த இரண்டு வகையும் அச்சாகப் பொருந்தாவிட்டால், தாயில் பிக்இன்ட் அன்சைன்டு, பிள்ளையில் வெறும் இன்ட் என்றிருந்தால்கூட, 8.0 பதிப்பு 3780 என்ற பிழை எண்ணோடு டேபிளையே உருவாக்க மறுக்கும். குறிவைக்கும் நெடுவரிசை ப்ரைமரி கீயாகவோ யுனீக்காகவோ இருந்தே ஆக வேண்டும். எல்.ஆர். (லாரி ரசீது) எண்ணைக் குறிவைக்க விரும்பினால் முதலில் அதற்கு யுனீக் போடுங்கள். கிளைக்குக் கிளை எல்.ஆர். எண் 1இலிருந்து ஆரம்பிக்கிறது என்றால் அது தனியாக யுனீக்கே கிடையாது; கிளை ஐடியும் எண்ணும் சேர்ந்துதான் யுனீக். அப்போது பிள்ளை டேபிளில் இரண்டு நெடுவரிசைக்கும் தனித்தனி ஃபாரின்கீ எழுதுவது தவறு. இரண்டையும் சேர்த்து ஒரே ஃபாரின்கீகன்ஸ்ட்ரெயின்ட் ஆக, டேபிள் ஆர்க்ஸ் பகுதியில் எழுத வேண்டும்.

இனி அழிப்பது. உங்கள் கேள்வியில் பெரிய பகுதி இதுதான்.

எஸ்க்யூலைட்டில் ஓடியது போஸ்ட்கிரஸில் ஏன் உடைகிறது என்றால், எஸ்க்யூலைட் ஃபாரின் கீயை ஏற்றுக்கொண்டு எழுதி வைத்துக்கொள்ளும், ஆனால் இயல்பாக அமல்படுத்தாது. ஒவ்வொரு கனெக்ஷன் திறந்ததும் ப்ராக்மா ஃபாரின்_கீஸ்=ஆன் என்று சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது. அது கனெக்ஷனுக்குக் கனெக்ஷன். டிரான்ஸாக்ஷன் நடுவில் சொன்னால் எடுபடவும் செய்யாது. எஞ்சினின் 'கனெக்ட்' நிகழ்வில் ஒரு சிறு ஃபங்ஷன் இணைத்து அங்கே இந்த வரியை ஓட்டுங்கள். டெஸ்டுகளுக்கு எஸ்க்யூலைட் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது கட்டாயம். இல்லாத கிளை ஐடி 999ஐக் கொடுத்து ஒரு பார்சலைப் பதிய முயன்று, இன்டெக்ரிட்டிஎரர் வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்டை எழுதி வைத்துவிட்டால் கட்டுப்பாடு உண்மையிலேயே இயங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

அடுத்து, அழிக்கும்போது வரும் இன்னொரு பிழை: கிளையை அழித்தால் 'அனுப்பும்_கிளை_ஐடி காலியாக இருக்கக் கூடாது' என்கிறது. காலியாக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையே என்று தோன்றும். கேட்டது நூலகம். காஸ்கேட் (தாயோடு பிள்ளைகளையும் சேர்த்து அழிக்கும் ஏற்பாடு) எதுவும் சொல்லாத ஒரு பட்டியல் உறவில், தாயை அழிக்கும்போது பிள்ளைகளை எல்லாம் எடுத்து அவற்றின் ஃபாரின் கீயை நல் ஆக்கிவிட்டுப் பிறகு தாயை அழிப்பதே எஸ்க்யூஎல்அல்கெமியின் இயல்பு. நெடுவரிசை நல் ஏற்காததால் டேட்டாபேஸ் மறுக்கிறது. இந்தப் பிழையைப் பார்த்ததும் நெடுவரிசைக்கு ஆப்ஷனல் போட்டுவிடுபவர்கள் உண்டு. அது மிக மோசமான தீர்வு: எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பார்சல்கள் டேபிளில் தேங்கிவிடும்.

ஒவ்வொரு உறவுக்கும் 'தாய் போனால் பிள்ளைக்கு என்ன ஆக வேண்டும்' என்று தொழில் தெரிந்தவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் மென்பொருளில் மூன்று விதமும் இருக்கின்றன.

பார்சலும் அதன் பண்டல்களும்: ஒரு எல்.ஆரில் 6 லுங்கி பண்டல் இருந்தால், எல்.ஆர். இல்லாமல் அந்த 6 வரிக்கு வாழ்வு கிடையாது. இங்கே பார்சல் பக்கத்துப் பட்டியலில் காஸ்கேட்="ஆல், டிலீட்-ஆர்ஃபன்" போடுங்கள். பட்டியலிலிருந்து ஒரு பண்டலை நீக்கினாலே அந்த வரி டேபிளிலிருந்து அழியும். கூடவே பண்டலின் ஃபாரின்கீயில் ஆன்டிலீட்="காஸ்கேட்", ரிலேஷன்ஷிப்பில் பேசிவ்_டிலீட்ஸ்=ட்ரூ. கடைசி இரண்டும் எதற்கு? காஸ்கேட் என்பது பைத்தான் செய்யும் வேலை, ஆன்டிலீட் என்பது டேட்டாபேஸ் செய்யும் வேலை. சிலர் பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரஸின் கட்டளைக் கருவி) திறந்து நேரடியாக அழிப்பார்கள். நீங்களே டிலீட் கட்டளையை மொத்தமாக எக்ஸிக்யூட் வழியே ஓட்டுவீர்கள். அந்த வழிகளில் பைத்தான் காஸ்கேட் நடக்கவே நடக்காது. பேசிவ்_டிலீட்ஸ் இருந்தால், மெமரியில் ஏற்கெனவே இல்லாத பிள்ளைகளை அழிப்பதற்காக எடுத்து வராமல் டேட்டாபேஸிடமே விட்டுவிடும். டிலீட்-ஆர்ஃபனைப் பண்டல் பக்கத்தில், அதாவது பலவற்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் உறவில் போடாதீர்கள்; நூலகம் பிழை சொல்லும். சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு பண்டலை அழிக்கப் போய்ப் பார்சலே போயிருக்கும்.

பார்சலும் கிளையும்: பார்சல் இருக்கும்வரை கிளையை அழிக்கவே கூடாது. ஆன்டிலீட்="ரெஸ்ட்ரிக்ட்", கிளை பக்கத்து ரிலேஷன்ஷிப்பில் பேசிவ்_டிலீட்ஸ்="ஆல்". இந்த 'ஆல்' தான் நல் ஆக்கும் வேலையை நிறுத்துகிறது. அழிக்கும் கட்டளை நேராக டேட்டாபேஸுக்குப் போய், 'இந்தக் கிளையைச் சுட்டும் பார்சல் இருக்கிறது' என்ற சரியான காரணத்தோடு மறுக்கப்படும். நடைமுறையில் கிளையை மூடினால் 'இயங்குகிறது' என்ற ஒரு நெடுவரிசையைப் பொய் ஆக்குங்கள். வாடிக்கையாளருக்கும் அதேதான். கணக்கு சம்பந்தப்பட்ட எதிலும் காஸ்கேட் வைக்காதீர்கள். டூ-பே (பார்சலைப் பெறுபவர் கட்டணம் கட்டும் முறை) பாக்கி நிற்கும் ஒரு வாடிக்கையாளரை யாரோ தவறி அழித்தால் பாக்கியும் சேர்ந்து மறைந்துவிடும்.

பார்சலும் டிரைவரும்: டிரைவர் வேலையை விட்டுப் போனாலும் பார்சல் பதிவு இருக்கும். ஆன்டிலீட்="செட் நல்". நெடுவரிசை கட்டாயம் ஆப்ஷனல் ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மைஎஸ்க்யூஎல் உருவாக்கும்போதே மறுக்கும். போஸ்ட்கிரஸ் உருவாக்க விட்டுவிட்டு, பல மாதம் கழித்து யாரோ ஒரு டிரைவரை அழிக்கும் நாளில் பிழை காட்டும்.

இவற்றை மாடலில் மாற்றி எழுதியதும் டேபிள் மாறிவிடாது. கிரியேட்_ஆல் இல்லாத டேபிளை உருவாக்குமே தவிர இருக்கும் டேபிளைத் தொடாது. டேபிள் அமைப்பை மாற்ற உதவும் அலெம்பிக் என்ற கருவி வழியே பழைய கட்டுப்பாட்டை நீக்கிப் புதியதை எழுத வேண்டும். நீக்குவதற்குப் பெயர் தேவை. அதனால் முதல் நாளே பேஸின் மெட்டாடேட்டாவில் நேமிங்_கன்வென்ஷன் கொடுத்து, ஃபாரின் கீக்கு 'எஃப்கே, டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர், குறிவைக்கும் டேபிள் பெயர்' என்ற வடிவத்தில் பெயர் தானே விழும்படி வையுங்கள். எஸ்க்யூலைட்டில் இருக்கும் டேபிளுக்குக் கட்டுப்பாட்டைச் சேர்க்கும் வசதியே இல்லை. அலெம்பிக்கின் பேட்ச் முறை டேபிளைப் புதிதாகக் கட்டி வரிகளை மாற்றிக் கொடுக்கும்.

இண்டெக்ஸ்=ட்ரூ என்று மேலே இரண்டு நெடுவரிசைக்கும் போட்டதற்குக் காரணம் உண்டு. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி ஃபாரின் கீக்கு இண்டெக்ஸைத் தானே போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரஸ் போடாது. இண்டெக்ஸ் இல்லாவிட்டால் கிளை வாரியாகப் பார்சல் தேடுவது மெதுவாகும் என்பதோடு நிற்காது. கிளைகள் டேபிளில் ஒரே ஒரு வரியை அழிக்க முயன்றாலும் அதைச் சுட்டும் பார்சல் உண்டா என்று பார்க்கப் பார்சல்கள் டேபிள் முழுவதையும் டேட்டாபேஸ் படிக்க வேண்டியிருக்கும்.

கிளைக்குள் கிளை உண்டு என்றால், அதாவது பேரணாம்பட்டுச் சரக்கெல்லாம் குடியாத்தம் வந்துதான் போகிறது என்றால், கிளைகள் டேபிளுக்குள்ளேயே தாய்_கிளை_ஐடி வைத்து அதே டேபிளைச் சுட்டலாம். 'தாய்' என்ற உறவில் ரிமோட்_சைட்=[ஐடி] எழுத மறக்காதீர்கள். மறந்தால் நூலகம் இரண்டு உறவையும் பட்டியலாகவே எடுத்துக்கொண்டு, இரண்டும் ஒரே திசையில் இருக்கின்றன என்று பிழை காட்டும்.

லாரியும் பார்சலும் பலவற்றுக்குப் பல. குடியாத்தத்தில் ஏறிய பண்டல் வேலூரில் இறங்கி, மறுநாள் ஆரணி வண்டியில் ஏறுகிறது. ஒரு பார்சல் இரண்டு டிரிப்பில் வருகிறது. நடுவில் ஒரு டேபிள் வேண்டும். அதில் இரண்டு ஐடி மட்டும்தான் என்றால் ரிலேஷன்ஷிப்பில் அதைச் செகண்டரி என்று சொல்லிவிடலாம். ஆனால் லோடு ஷீட்டில் ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், ஏற்றியவர் கையெழுத்து என்று நாளைக்கே கேட்பார்கள். ஆரம்பத்திலேயே 'ஏற்றம்' என்று ஒரு கிளாஸ் எழுதி, டிரிப்_ஐடி, பார்சல்_ஐடி இரண்டையும் ப்ரைமரி கீயாகவும் ஃபாரின் கீயாகவும் வையுங்கள். ப்ரைமரி கீயின் இண்டெக்ஸ் முதல் நெடுவரிசையான டிரிப்பால் தேடவே உதவும். 'இந்தப் பார்சல் எந்தெந்த வண்டியில் போனது' என்ற கேள்விக்குப் பார்சல்_ஐடிக்குத் தனி இண்டெக்ஸ் வேண்டும். படிக்க வசதியாகச் செகண்டரி உறவும் கூடவே வேண்டுமென்றால் அதற்கு வியூஒன்லி=ட்ரூ கொடுங்கள், இல்லையேல் ஒரே வரியை இரண்டு வழியில் பதியப் பார்க்கும்.

வேகம் பற்றிப் பலரும் தவறாக எண்ணும் ஒரு விஷயம். நீங்கள் 200 பார்சலைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றின் அனுப்பும்_கிளையையும் காட்டினால் 201 குவெரி ஓடும் என்பார்கள். அப்படி ஓடாது. ஒன்றை மட்டும் சுட்டும் உறவில், அந்த ஐடியுள்ள கிளை ஏற்கெனவே செஷனில் (நூலகம் நினைவில் வைத்திருக்கும் பொருள்களில்) இருந்தால் எஸ்க்யூஎல்அல்கெமி டேட்டாபேஸுக்குப் போகாது. 8 கிளை இருந்தால் அதிகபட்சம் 8 கூடுதல் குவெரி. உண்மையில் 201 ஆவது பண்டல்கள் பட்டியலைத் தொடும்போதுதான், பார்சலுக்கு ஒன்றாக. அங்கே செலக்டின்லோடு போடுங்கள்: தாய் ஐடிகளை 500, 500ஆகச் சேர்த்துக் கேட்கும், 200 பார்சலுக்கு ஒரே ஒரு கூடுதல் குவெரி. கிளைக்கு, அதே குவெரியில் ஜாயின் செய்து எடுக்கும் ஜாயின்டுலோடு போதும். பட்டியல் உறவுக்கு ஜாயின்டுலோடு போட்டால் ஒரு பார்சலுக்குப் பல வரி வரும், 2.0இல் முடிவின் மேல் யுனீக் அழைக்காவிட்டால் பிழை. எங்கே தவறவிடுகிறீர்கள் என்று கண்டுபிடிக்க, எழுதும் காலத்தில் லேசி="ரெய்ஸ்" வைத்தால் சொல்லாமல் ஓடப் பார்க்கும் ஒவ்வொரு குவெரியும் அந்த இடத்திலேயே பிழையாக நிற்கும். அசிங்க் செஷன் வைத்திருந்தால் இந்த முன்கூட்டி ஏற்றுதல் கட்டாயம். இல்லாவிட்டால் மிஸ்ஸிங்கிரீன்லெட் பிழை வரும்.

பழைய எக்செல்லுக்கு வருவோம். அங்கே ஆம்பூர் வரிகளில் மாவட்டம் 'வேலூர்' என்று இருக்கும், பிறகு 'திருப்பத்தூர்' என்று இருக்கும். இரண்டுமே சரி. 2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும், ஆற்காடும் வாலாஜாவும் அரக்கோணமும் ராணிப்பேட்டைக்கும் போயின. அதற்கு முன் 1989இல் பழைய வட ஆற்காடு மாவட்டமே இரண்டாகப் பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போனது. மாவட்டம் மாறாது என்று எண்ணி டேபிள் கட்ட இந்த வட்டாரத்தில் யாருக்கும் இடமில்லை.

கிளைக்கு மாவட்டம்_ஐடி வேண்டாம். கிளை வட்டத்தைச் சுட்டட்டும், வட்டம் மாவட்டத்தைச் சுட்டட்டும். இன்றைய நிலை மட்டும் போதுமென்றால் பிரிவினை நாளில் சில வட்டங்களின் மாவட்டம்_ஐடியை மாற்றினாலே வேலை முடிந்தது. ஒரு பார்சல் வரியைக்கூடத் தொட வேண்டாம். ஆனால் 2018க்கான மாவட்டவாரி அறிக்கையில் ஆம்பூர் வேலூரில்தான் வர வேண்டும். அதற்கு வட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் ஒரு டேபிள்: வட்டம்_ஐடி, மாவட்டம்_ஐடி, முதல்_தேதி, வரை_தேதி. ஆம்பூருக்கு இரண்டு வரி: வேலூர் 2019 நவம்பர் 27 வரை, திருப்பத்தூர் 2019 நவம்பர் 28 முதல், வரை_தேதி காலி. அறிக்கை பார்சலின் புக்கிங் தேதியை இந்த இரண்டு தேதிக்கு நடுவே பொருத்தும். அன்றாடப் பயன்பாட்டுக்கு, வரை_தேதி காலியாக உள்ள வரியை மட்டும் எடுக்கும் ப்ரைமரிஜாயின் எழுதி, வியூஒன்லி=ட்ரூ, யூஸ்லிஸ்ட்=ஃபால்ஸ் கொடுத்து 'இன்றைய_மாவட்டம்' என்று ஒரு உறவு வைத்துக்கொள்ளலாம். ஒரே வட்டத்துக்கு ஒரே நாளில் இரண்டு மாவட்டம் விழாமல் காப்பது ஃபாரின் கீயால் முடியாது. போஸ்ட்கிரஸில் பிட்ரீ_ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, வட்டம்_ஐடியும் தேதி வரம்பும் மோதாதபடி எக்ஸ்க்ளூட் கட்டுப்பாடு போடுங்கள்.

எக்செல் வரிகளை நேராகப் பார்சல்கள் டேபிளில் கொட்டாதீர்கள். எல்லா நெடுவரிசையும் வெறும் டெக்ஸ்ட் ஆக இருக்கும், ஃபாரின் கீ எதுவும் இல்லாத ஒரு தற்காலிக டேபிளில் முதலில் ஏற்றுங்கள். மாவட்டம், வட்டம், கிளை ஆகிய மூன்றும் இதற்குள் நிரம்பியிருக்க வேண்டும், அதே வரிசையில். பிறகு 'மாற்றுப்பெயர்' என்று ஒரு சிறு டேபிள்: எக்செல்லில் வரும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் எதிரே கிளை_ஐடி. தற்காலிக டேபிளை இதோடு லெஃப்ட் ஜாயின் செய்து கிளை_ஐடி நல் ஆக வரும் பெயர்களை எண்ணிக்கையோடு பட்டியலிடுங்கள். முன்னும் பின்னும் உள்ள வெற்றிடம், 'வேலூர் மெயின்', 'ஆம்பூர் பைபாஸ்' போன்றவை அங்கே வரிசையாக வரும். பட்டியல் காலியாகும்வரை மாற்றுப்பெயரை நிரப்பிய பிறகே பார்சல்கள் டேபிளுக்கு மாற்றுங்கள். அடையாளம் தெரியாதவற்றுக்கு 'தெரியாத கிளை' என்று போலியாக ஒரு கிளை உருவாக்கும் ஆசை வரும். வேண்டாம், அந்த வரிகள் தற்காலிக டேபிளிலேயே நிற்கட்டும், கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் பழைய எல்.ஆர். புத்தகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெரிய டேபிளுக்குப் பிற்பாடு ஃபாரின் கீ சேர்க்க நேர்ந்தால், போஸ்ட்கிரஸில் அதை இரண்டாகச் செய்யுங்கள். முதலில் 'நாட் வேலிட்' என்று கட்டுப்பாட்டைச் சேர்ப்பது; அலெம்பிக்கில் போஸ்ட்கிரஸ்க்யூஎல்_நாட்_வேலிட்=ட்ரூ. அந்த நொடி முதல் புதிய வரிகள் சரிபார்க்கப்படும், பழையவை படிக்கப்படாது என்பதால் பூட்டு சட்டென்று விலகும். தாய் இல்லாத அனாதை வரிகளைச் சுத்தம் செய்த பிறகு, தனி மைக்ரேஷனில் வேலிடேட் கன்ஸ்ட்ரெயின்ட் ஓட்டுங்கள். அது நடக்கும்போது கவுண்டரில் புக்கிங் நிற்காது.